டீசல் ஜீப்பா, பெற்றோல் ஜீப்பா: கொழும்புக் குடும்பத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கவும், வருடத்தில் இரண்டு தடவை ஊருக்குப் போய்வரவும் ஏழு பேர் இருக்கக்கூடிய வாகனம் ஒன்று வேண்டும் என்று 2019இல் முடிவெடுத்தேன். எஸ்யூவி என்று விளம்பரத்தில் போட்டாலும், உயரமாக நிற்கும் எல்லாமே எங்களுக்கு ஜீப்தான். கிளிநொச்சியில் இருக்கும் அண்ணன், "டீசல்தான் எடு தம்பி, இழுவையும் இருக்கும், எண்ணெய்யும் மிச்சம்" என்றார். அவரிடம் இருந்த அதே மொடலை, அதே 2.2 லீற்றர் டீசல் எஞ்சினோடு நானும் எடுத்தேன். அவருடையது இன்றுவரை குறையில்லாமல் ஓடுகிறது. என்னுடையது பதினொரு மாதத்தில் மஞ்சள் விளக்கை எரியவிட்டு, பவர் இறங்கி, காலி வீதியில் முச்சக்கர வண்டிகளுக்கும் வழிவிட்டபடி வீடு வந்து சேர்ந்தது.

வாகனம் ஒன்று, எஞ்சின் ஒன்று. வேறாக இருந்தது ஓட்டம் மட்டும்தான். அண்ணன் வாரத்தில் மூன்று நாள் ஏ9 வீதியில் வவுனியாவுக்குப் போய்வருகிறார். நான் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு, மூன்று கிலோமீற்றர் தூரத்தை, காலையும் பின்னேரமும் ஊர்ந்து கடந்தேன். டீசல் நல்லதா பெற்றோல் நல்லதா என்று கேட்டால் விடை வராது. உங்கள் ஓட்டம் எது என்று கேட்டால்தான் வரும். அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு மாதம் கொப்பியில் எழுதுங்கள்

எந்த விற்பனை நிலையத்துக்கும் போவதற்கு முன், இப்போது கையில் இருக்கும் வாகனத்தில் ஒரு 40 பக்கக் கொப்பியைப் போட்டுவையுங்கள். சாவியைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் நான்கு விஷயம் எழுத வேண்டும்: எங்கே போனீர்கள், எத்தனை கிலோமீற்றர், எத்தனை நிமிடம், எத்தனை பேர். வாகனமே இல்லையென்றால் பஸ்ஸிலும் வாடகை வாகனத்திலும் போன பயணங்களை எழுதுங்கள்.

என் கொப்பியில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இப்படி இருக்கிறது: "காலை 6.50, பள்ளிக்கூடம், 3.1 கி.மீ., 22 நிமிடம், நான்கு பேர். 7.25, அலுவலகம், 4 கி.மீ., 19 நிமிடம், நான் மட்டும். பின்னேரம் 5.40, ரியூஷன், 2.4 கி.மீ., 17 நிமிடம்." சராசரியாக மணிக்குப் பத்து கிலோமீற்றர்கூட இல்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

மாத முடிவில் இரண்டு எண்களை எடுங்கள். மொத்தம் எத்தனை கிலோமீற்றர் ஓடியது? நிற்காமல், சீரான வேகத்தில், 20 நிமிடத்துக்கு மேல் ஓடிய பயணங்கள் எத்தனை? இரண்டாவது எண்தான் பெரிய விஷயம். அது மாதத்துக்கு ஒன்றோ பூச்சியமோ என்றால், புகை ஃபில்டர் பொருத்திய புதிய தலைமுறை டீசலை நீங்கள் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: இழுவை உங்களுக்கு எவ்வளவு தேவை

பெற்றோல் எஞ்சின் எரிபொருளைக் காற்றோடு கலந்து, ஸ்பார்க் பிளக்கால் தீ வைக்கிறது. டீசல் எஞ்சினுக்கு பிளக்கின் பொறி தேவையில்லை. காற்றை 15, 16 மடங்குக்கும் மேலாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிக்கிறது. இந்த அழுத்தமும், காற்றைக் கூடுதலாக உள்ளே தள்ளும் டர்போவும் சேர்ந்துதான் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே பெரிய இழுவையைத் தருகின்றன.

கொழும்பில் எல்லோருக்கும் தெரிந்த டொயோட்டா பிராடோவையே எடுப்போம். 150 வரிசையில் 2.7 லீற்றர் பெற்றோல் எஞ்சினின் உச்ச டோர்க், அதாவது இழுவை, 246 நியூட்டன் மீற்றர். அதற்கு எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றை நெருங்க வேண்டும். 2.8 லீற்றர் டீசல் ஒட்டோ கியரோடு 450 தருகிறது, அதுவும் 1,600 சுற்றிலிருந்தே. ஏழு பேரும் பெட்டிகளும் ஏறி, கடுகண்ணாவையிலோ றம்பொடை வளைவுகளிலோ ஏறும்போது இந்த வித்தியாசத்தை உடம்பே உணரும். பெற்றோல் வண்டி கியரைக் குறைத்து, சத்தம் போட்டு ஏறும். டீசல் பேசாமல் ஏறும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வருடத்தில் ஒரு தடவை போகிறீர்களா, மாதத்தில் இரண்டு தடவையா?

தெகிவளைச் சந்தியில் 450 நியூட்டன் மீற்றரால் ஒரு பயனும் இல்லை. முன்னால் நிற்கும் 100 இலக்க பஸ் நகர்ந்தால்தான் நீங்களும் நகர்வீர்கள்.

மூன்றாம் படி: டிபிஎஃப் என்ற பெட்டியைப் புரிந்துகொள்ளுங்கள்

இதைத்தான் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விற்றவரும் சொல்லவில்லை.

டீசல் எரியும்போது கரி உண்டாகும். பழைய டீசல் வண்டிகள் அதை அப்படியே வெளியே தள்ளின. ஐரோப்பாவில் வாகனப் புகைக்கான யூரோ 5 விதி வந்த 2009ஆம் ஆண்டுக்குப் பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாயில் ஒரு ஃபில்டர் கட்டாயம்போல ஆகிவிட்டது. அதுதான் டிபிஎஃப். தேன்கூடுபோல நுண்ணிய துவாரங்கள் உள்ள அந்தப் பெட்டி கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் அந்தக் கரியை உள்ளேயே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் சூடு தேவை. எஞ்சின் தானாகவே கொஞ்சம் கூடுதலாக டீசலைத் தெளித்து இந்தச் சூட்டை உண்டாக்கப் பார்க்கும். ஆனால் வேலை முடிய, வாகனம் பதினைந்து இருபது நிமிடம் நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது என் செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் சூடாவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடும். எரிக்கத் தொடங்கியது பாதியில் நிற்கும். மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். தெளித்த டீசல் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும்.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸிடம் வண்டியைக் கொண்டுபோனபோது அவர் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. முதலில் ஒயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். ஒயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவு ஏறியிருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய் மணந்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, ஒயில் குறையிறதுதான் உலக வழக்கம். கூடுதெண்டால் அதுக்குள்ள டீசல் இருக்கு. இன்னும் ரெண்டு மாசம் ஓடியிருந்தால் பெயரிங் போயிருக்கும்."

ஒயிலில் டீசல் வாசம் நன்றாகவே தெரிந்தது. விரலில் தொட்டால் தண்ணீர்போல் ஓடியது. ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வில் தாராகப் பிடித்திருந்த கரியைச் சுரண்டி எடுத்து, ஒயில் மாற்றி, மூன்று நாளுக்குப் பிறகு வண்டி கைக்கு வந்தது. புதிய ஃபில்டருக்குச் சொல்லப்பட்ட விலை, இரண்டு பிள்ளைகளின் ஒரு வருடப் பள்ளிக் கட்டணத்துக்கு மேல்.

சிலர் "ஃபில்டரை வெட்டி எடுத்துவிடலாம்" என்பார்கள். செய்யாதீர்கள். அந்தக் கரியைச் சுவாசிக்கப்போவது பள்ளிக்கூட வாசலில் நிற்கும் நம் பிள்ளைகள்தான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் டீசல் வண்டியில் பார்ப்பதும் புகையின் கருமையைத்தான். பெற்றோலில் கார்பன் மொனொக்சைட்டையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள்.

ஃபில்டர் இல்லாத பழைய டீசல் ஜீப்புகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, உண்மைதான். அவற்றின் வயதும் ஓடிய தூரமும் வேறு செலவுகளைக் கொண்டுவரும். எங்கள் வீட்டில் சின்னவளுக்கு வீசிங் இருப்பதால் அந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காம் படி: சரியான எண்ணெய்யை வைத்துக் கணக்குப் போடுங்கள்

"டீசல் மலிவு" என்பவர்கள் பெரும்பாலும் சாதாரண ஒட்டோ டீசல் விலையையும் 92 பெற்றோல் விலையையும் ஒப்பிடுகிறார்கள். ஃபில்டர் உள்ள வண்டிக்கு நீங்கள் அடிக்க வேண்டியது சுப்பர் டீசல். கந்தகம் குறைந்தது அதுதான். யூரோ 4 தரத்தில் டீசலின் கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்கைத் தாண்டக்கூடாது. யூரோ 5இல் 10 பங்கு. கந்தகம் கூடக் கூட ஃபில்டருக்கும் அதன் முன்னால் இருந்து புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிஸ்டுக்கும் ஆயுள் குறையும். அதேபோல சிறிய டர்போ பெற்றோல் எஞ்சின்கள் பலவற்றுக்கு 95 ஒக்டேன் தேவை. எண்ணெய் அடிக்கும் இடத்து மூடியைத் திறந்தால் உட்பக்கத்தில் ஸ்டிக்கர் இருக்கும். வாங்கும் முன் அதைப் படியுங்கள். 95 கேட்கும் எஞ்சினில் 92 அடித்து மலை ஏறினால் எஞ்சின் தட்டத் தொடங்கும், அல்லது கம்ப்யூட்டர் பவரைக் குறைத்துவிடும்.

விலை மாதாமாதம் திருத்தப்படுவதால், நீங்கள் படிக்கும் நாளின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். முறை விளங்குவதற்காக நான் வசதியான எண்களை வைக்கிறேன். சுப்பர் டீசல் லீற்றர் 320 ரூபாய், 92 பெற்றோல் 300 ரூபாய். கொழும்பு நெரிசலில் டீசல் ஜீப் லீற்றருக்கு 9 கிலோமீற்றர், அதே அளவு பெற்றோல் ஜீப் 7 கிலோமீற்றர். மாதம் 800 கிலோமீற்றர் ஓடினால் டீசலுக்கு ஏறக்குறைய 28,400 ரூபாய், பெற்றோலுக்கு 34,300 ரூபாய். வித்தியாசம் மாதத்துக்கு 5,900 ரூபாய், வருடத்துக்கு 70,000 ரூபாய் அளவில்.

நல்ல தொகைதான். ஆனால் அந்த டீசல் வண்டியை வாங்க 15 இலட்சம் கூடக் கொடுத்திருந்தால், அதை எண்ணெய்யில் மீட்க 21 வருடம் ஆகும். மாதம் 2,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு எட்டரை வருடம். விலை வித்தியாசம் 5 இலட்சம் மட்டுமே என்றால், அதே ஆளுக்கு மூன்று வருடத்துக்குள் கணக்கு நேராகிவிடும். ஆகவே இரண்டு வண்டியின் விலை வித்தியாசத்தை முதலில் எழுதுங்கள், பிறகு எண்ணெய்யைப் பேசுங்கள். இங்கே டீசல் வண்டி விலை கூடியிருப்பதற்கு ஒரு காரணம் வரி. இறக்குமதி வாகனத்தின் உற்பத்தி வரி எஞ்சினின் சிசி அளவையும் எரிபொருள் வகையையும் பார்த்துப் போடப்படுகிறது, டீசலுக்கு சிசி ஒன்றுக்கு அறவிடும் தொகை அதிகம். 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட அந்தக் காலத்தில் பழைய வாகனங்களுக்கு விலை ஏறியதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

கணக்கில் சேர்க்க வேண்டிய இன்னும் சில: டீசலுக்கு எரிபொருள் ஃபில்டர் அடிக்கடி மாற்ற வேண்டும், புகை ஃபில்டர் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த தனி ஒயில் வேண்டும், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் பழுதானால் ஒன்று ஒன்றாகவே பெரிய செலவு. பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கழற்றிய இன்ஜெக்டர் கிடைக்கும்தான். அதற்குள் எவ்வளவு தேய்மானம் இருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. நான் எடுக்கமாட்டேன்.

2022இன் எண்ணெய்த் தட்டுப்பாட்டை மறந்தவர்கள் யாரும் இல்லை. அந்த வருடம் ஜூன் கடைசியில் 92 பெற்றோல் 470 ரூபாய், ஒட்டோ டீசல் 460 ரூபாய் வரை போனது. எண்ணெய்யைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை தொடங்கியபோது காருக்கு வாரம் 20 லீற்றர். என் டீசல் வண்டி அதில் 180 கிலோமீற்றர் ஓடியது, அடுத்த வீட்டுப் பெற்றோல் ஜீப் 140. டீசலின் பக்கம் நின்று சொல்லக்கூடிய நியாயமான விஷயம் இது.

ஐந்தாம் படி: ஹைபிரிட்டையும் பெற்றோல் பக்கத்தில் சேருங்கள்

நெரிசலுக்கென்றே பிறந்தது, எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள பெற்றோல் ஹைபிரிட். நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும், ஊரும்போது மோட்டார் இழுக்கும், பிரேக் பிடிக்கும்போது பற்றரி ஏறும். கொழும்பில் ஹொண்டா வெசல் இத்தனை ஓடுவதற்குக் காரணம் இதுதான். டீசல் சிரமப்படும் இடத்தில்தான் ஹைபிரிட் லாபம் காட்டுகிறது. நீண்ட நெடுஞ்சாலை ஓட்டத்தில் அந்த லாபம் குறையும். பழையதை எடுத்தால் பின் இருக்கைப் பக்கம் இருக்கும் பற்றரிக் காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். தூசியும் நாய் முடியும் அடைத்திருந்தால் அந்தப் பற்றரி சூட்டில் கிடந்திருக்கிறது.

ஆறாம் படி: பார்க்கப் போகும் நாள்

காலையில் போங்கள். "எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம், நாங்கள் வந்தபிறகு போடலாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பொனெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

டீசல் என்றால், புகைக்குழாயின் உள் விளிம்பை விரலால் துடைத்துப் பாருங்கள். ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில் விரலில் கறுப்பு அநேகமாக ஒட்டாது. ஃபில்டர் உள்ள மொடல் என்று சொல்லி, விரல் அடுப்புக்கரிபோல் கறுத்தால், உள்ளே ஃபில்டர் உடைந்திருக்கிறது அல்லது எடுக்கப்பட்டிருக்கிறது. பிறகு டிப்ஸ்டிக்கை உருவி மேல் கோட்டைப் பாருங்கள், மணந்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் தளர்த்தினால் காற்று பலமாக அடித்து மூடியைத் தள்ளுகிறதா என்று கவனியுங்கள். தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கக்கூடும். ஸ்கேனர் வைத்திருக்கும் பாஸ் ஒருவரைக் கூட்டிப்போனால், ஃபில்டரில் கரி எத்தனை வீதம், கடைசியாக எரித்து எத்தனை கிலோமீற்றர், நான்கு இன்ஜெக்டரும் சமமாகத் தெளிக்கின்றனவா என்ற மூன்றையும் கேளுங்கள். எஞ்சின் வால்வுகளை இயக்குவது டைமிங் பெல்ட்டா செயினா என்றும் கேளுங்கள். பிராடோவின் பழைய 3.0 டீசலில் பெல்ட். அதை 150,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும். மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோல் என்றால், குளிர்ந்த எஞ்சினைப் போட்ட முதல் சில நொடிகளில் சங்கிலி உரசும் சத்தம் வருகிறதா, கொஞ்ச நேரம் கழித்து அக்சிலேட்டரை அழுத்தினால் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். நீலம் என்றால் ஒயில் எரிகிறது. பெற்றோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின்களில் உள்வால்வில் கரி படியும். நின்ற நிலையில் எஞ்சின் நடுங்கினால் அதையும் சந்தேகியுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதை இரண்டுக்கும் பார்க்க வேண்டும். ஸ்பேர் டயர் கிடக்கும் குழியில் கையை விட்டு மண் தட்டுப்படுகிறதா பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள்.

ஏழாம் படி: முடிவு

கொப்பியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,000 கிலோமீற்றருக்குக் குறைவு, பெரும்பாலும் பள்ளிக்கூடம், அலுவலகம், சந்தை என்றால் பெற்றோல், முடிந்தால் ஹைபிரிட். ஊருக்குப் போகும் இரண்டு பயணத்துக்காக மற்ற 350 நாளும் டீசலைச் சுமக்க வேண்டாம். யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர்தான், பெற்றோல் வண்டியும் போய்ச் சேரும். மாதம் 1,500க்கு மேல், அதில் பாதிக்கு மேல் வெளியூர் வீதி, அநேகமாக வண்டி நிறைய ஆள் என்றால் டீசலை நம்பி எடுங்கள், அண்ணன் சொன்னது உங்களுக்குப் பொருந்தும். இடையில் இருப்பவர்கள் நான்காம் படியின் விலை வித்தியாசத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். எனக்குச் சந்தேகம் வந்தால் பெற்றோல் பக்கமே சாய்வேன். நெரிசலில் டீசலுக்கு வரும் பழுது எண்ணெய்யில் மிச்சம் பிடித்ததை ஒரே நாளில் தின்றுவிடும்.

நான் அந்த வண்டியை விற்கவில்லை. ஏற்கெனவே டீசலை வாங்கிவிட்ட கொழும்புக்காரருக்கு என் பழக்கம் உதவலாம். ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிப்பதற்காக, இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, காலை ஆறரைக்கு, கொட்டாவையில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலைக்கு ஏறுகிறேன். மணிக்கு 90இல், கியரைக் கொஞ்சம் குறைத்து, சுற்று 2,000க்கு மேலேயே நிற்கும்படி தொடங்கொடை வரை ஓட்டிப்போய், அங்கே இறங்கித் திரும்பி வருகிறேன். பின் இருக்கையில் பிள்ளைகள் நித்திரை. திரும்பி வந்து நிறுத்தும்போது விசிறி பலமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் எரிப்பு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அப்போது எஞ்சினை அணைக்காமல், மரைன் டிரைவில் இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். மாத முடிவில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்து, ஒயில் மட்டத்தை அதே கொப்பியில் எழுதிவைக்கிறேன்.